படகைத் தட்டக் கூடாது

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பயிற்சி நிலையத்துக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பயிற்சி முடிகிறவரை கைப்பேசி கூடாதாம், வாசலிலேயே வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். என் கையெழுத்தைப் பார்த்து மாமா சிரிப்பார், சிரிக்கட்டும்.

அடுக்குக் கட்டில் போட்ட ஒரு நீள அறை. எனக்கு மேல்கட்டில். கீழே படுப்பவர் ஒரு பெரிய ஓட்டலில் வரவேற்பு மேசையில் இருந்தவர், தூக்கத்தில்கூட "நல்வரவு" என்கிறார். வழிகாட்டிகள், ஜீப் ஓட்டுநர்கள், விடுதிச் சமையல்காரர்கள் என்று எல்லாத் தொழில்காரர்களும் இருக்கிறார்கள். படகுக்காரன் நான் ஒருவன்தான்.

எங்களுக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஒரு அம்மா. எல்லோரும் மேடம் என்கிறோம். சூழல் சுற்றுலா என்றால் இயற்கையைக் காட்டிப் பிழைப்பது இல்லையாம், அது கெடாமல் பார்த்துக்கொண்டு காட்டுவதாம். முதல் நாளே கேட்டார்: "விலங்குக்குத் தீனி போட்டு வரவழைக்கிற இடம் யாருக்காவது தெரியுமா?" நான் வாயைத் திறக்கவே இல்லை. நீ துடுப்பால் படகைத் தட்டுவதும், நீர்நாய்கள் வந்து நிற்பதும், நீ மீனை வீசுவதும் கண்ணுக்கு முன்னால் ஓடியது. மேடத்திடம் சொன்னால் மயங்கியே விழுந்துவிடுவார்.

நடிப்பு வகுப்பு ஒன்று உண்டு. மேடம் அடாவடியான சுற்றுலாப் பயணியாக நடிப்பார். "காசு குடுத்திருக்கேன்ல, பக்கத்துல போ, கூப்பிடு அதை" என்று கத்துவார். கோபப்படாமல் நாம் இப்படிச் சொல்ல வேண்டும்: "மன்னிக்கணும், இது அவங்க வீடு. நாம கூப்பிட்டு அவங்க வரக் கூடாது. காத்திருந்து பார்க்கலாம்." நான் இரண்டு முறை சிரித்துவிட்டேன். மூன்றாம் முறைதான் சரியாக வந்தது.

நம் நீர்நாய்க்குட்டி நொண்டி எப்படி இருக்கிறது? அக்கா, ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. மீன் போடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாமே.

உன் தம்பி

ஜூன் 24

அருமைத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்து மாமா சிரிக்கவில்லை. கடைக்கு டீ குடிக்க வந்தவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார். காகிதத்தில் இப்போது டீக்கறை.

மேல்கட்டிலில் ஓரமாகப் படுக்காதே. சின்ன வயதில் படகிலிருந்தே தூக்கத்தில் உருண்டு விழுந்தவன் நீ.

இங்கே காலைச் சவாரி, மாலைச் சவாரி இரண்டும் என் தலையில்தான். தோள்பட்டை கழன்றுவிடும்போல வலிக்கிறது. போகட்டும், நீ படி. "என்ன பெரிய படிப்பு, படகு ஓட்டத் தெரிஞ்சவனுக்கு" என்று மாமாதான் முணுமுணுத்தார். வாயை மூடச் சொல்லி உன்னை அனுப்பியது நான்.

ஆனால் எனக்கே பாடம் எடுக்க ஆரம்பிக்காதே. நொண்டியைக் குட்டியிலேயே கரையில் கண்டுபிடித்து, கால் சரியில்லை என்று மீனை நறுக்கி ஊட்டியது யார்? இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு என்று அதற்குப் பழக்கியது யார்? நானா? நான் உன்னிடம் கற்றுக்கொண்டவள். இப்போது மேடத்தின் பேச்சைக் கேட்டு என்னைக் குறை சொல்கிறாய்.

எதிர்த்துறையில் ஒலிபெருக்கி கட்டி இயந்திரப் படகு விடுகிறார்களே, அங்கே போகாமல் ஜனங்கள் என் ஓட்டைப் படகில் ஏறுவது நீர்நாய் கிட்டே வரும் என்பதற்காகத்தான். தீனியை நிறுத்தினால் அவர்கள் என் அழகைப் பார்க்கவா வருவார்கள்?

நொண்டி நன்றாக இருக்கிறது. முன்னைவிடச் சோம்பேறி. மற்றதெல்லாம் மூழ்கி மீன் பிடிக்கும்போது, இது துறையிலேயே படுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறது.

நீ கிளம்பின அன்று எடுத்த போட்டோவைப் பிரதி போட்டு அனுப்பு. கடையில் மாட்ட வேண்டும் என்கிறார் மாமா.

உன் அக்கா

ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நல்ல செய்தி. பயிற்சி முடிந்ததும் என்னை இங்கேயே உதவிப் பயிற்சியாளராக வைத்துக்கொள்ளப்போகிறார்கள். இப்போதைக்குத் தற்காலிகம்தான். மேடமே கூப்பிட்டுச் சொன்னார்.

எப்படி என்று கேட்பாய். அதைத்தான் எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

அவரவர் ஊரில் நடக்கிற தவறான சுற்றுலாப் பழக்கம் ஒன்றைப் படத்தோடு விளக்க வேண்டும் என்று ஒரு வேலை கொடுத்தார்கள். ஜீப் ஓட்டுநர் ஏதோ குப்பை மேட்டைக் காட்டினார். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என்னிடம் வேறு படம் இல்லை, அக்கா. இந்த வேலைக்காக ஒரு மணி நேரம் திருப்பிக் கொடுத்த கைப்பேசியில் அந்தப் போட்டோதான் இருந்தது. நீ மீனை வீசுகிறாய், நொண்டி தண்ணீரிலிருந்து பாதி உடம்பு மேலே வந்து நிற்கிறது. அதைக் காட்டினேன். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அதுவரை என்னை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. அன்று எல்லோரும் கேள்வி கேட்டார்கள், நான் பதில் சொன்னேன். கடைசியில் கை தட்டினார்கள்.

உன் பெயரைச் சொல்லவில்லை. "எங்கள் ஊர்ப் படகோட்டி ஒருவர்" என்றுதான் சொன்னேன். மேடம் அந்தப் படத்தைப் பயிற்சிக் கையேட்டில் போடுகிறார். முகத்துக்குக் கறுப்புப் பட்டை போட்டுத்தான் அச்சடிப்பார்கள், நானே கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஒன்றும் ஆகாது.

நீ சந்தோஷப்படுவாய் என்று நினைக்கிறேன். வேலையைச் சொல்கிறேன்.

உன் தம்பி

செப்டம்பர் 15

தம்பிக்கு,

போட்டோ வந்து சேர்ந்தது. நீ அனுப்பியதல்ல. ஏரி அலுவலர் கொண்டுவந்தார், உங்கள் கையேட்டில்.

முகத்துக்குக் கறுப்புப் பட்டை போட்டாயே, படகுக்குப் போட்டாயா? படகின் மூக்கில் ஓட்டை விழுந்தபோது ரோஜாப்பூ போட்ட பிஸ்கட் டின் மூடியை அடித்து ஒட்டியது நீதானே? அந்த ரோஜாப்பூ வேறு எந்தப் படகில் இருக்கிறது? துறையில் நிற்கிற நாய்க்குக்கூட அது யார் படகு என்று தெரியும். பட்டை போட்டதால் திருடியைப்போல் இருக்கிறேன், அவ்வளவுதான்.

உரிமத்தை நிறுத்திவைத்துவிட்டார்கள். பயிற்சி எடுத்துத் தேறினால்தான் இனிமேல் படகு. அதுவரை கரையில் கவிழ்த்துப் போட வேண்டுமாம். அலுவலர் பாவம், நல்ல மனிதர். "நான் என்னம்மா பண்றது, அச்சுல வந்துடுச்சே" என்றார். மாமா பாய்லரைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

நீ கிளம்பின அன்று காலையில் நீர்நாய்கள் எல்லாம் தின்று முடித்துக் கரையில் கிடந்தன. மீன் கூடையை நான் கழுவப்போய்விட்டேன். நீதான், "அக்கா, இன்னும் ஒரே ஒரு தடவை வீசு, ஞாபகத்துக்கு ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றாய். உனக்காகத்தான் தட்டினேன், உனக்காகத்தான் வீசினேன். அந்தக் கையைத்தான் நீ ஊரெல்லாம் காட்டியிருக்கிறாய்.

போடுவது தவறென்றால் என்னிடம் நேரே வந்து சண்டை போட்டிருக்கலாம். நான் கத்தியிருப்பேன், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு யோசித்திருப்பேன். உனக்குக் கை தட்டல் வேண்டியிருந்தது. கிடைத்துவிட்டது, வைத்துக்கொள்.

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்போல, அடிக்கடி அடிக்கிறாய். எடுக்க மாட்டேன்.

அக்கா

அக்டோபர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எடுக்க மாட்டேன் என்கிறாய், மாமா எடுத்து "அவ இல்லப்பா" என்று உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்கிறார். ஆகவே எழுதுகிறேன்.

உரிமம் போகும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் அக்கா, கோபத்தைத் தள்ளிவைத்துவிட்டு யோசித்துப் பார். நொண்டி மீன் பிடிப்பதை நீ கடைசியாக எப்போது பார்த்தாய்? தட்டுகிற சத்தம் கேட்டு வருகிற விலங்கு எந்தப் படகுக்கும் வரும், இயந்திரப் படகுக்கும் வரும். அதற்கு நல்ல படகு கெட்ட படகு என்று தெரியாது. நீயும் நானும் பாசம் என்று நினைத்துச் செய்தது அதற்குக் கெடுதல். நான் இங்கே மனப்பாடம் செய்ததைச் சொல்லவில்லை, நம்பித்தான் சொல்கிறேன்.

உன் உரிமத்துக்கு வழி பிறந்துவிட்டது. அடுத்த மாதம் உங்கள் ஏரிப் படகோட்டிகளுக்கே தனியாகப் பயிற்சி நடத்தப்போகிறோம். துறைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் வகுப்பு. நடத்துவது நான். நீ தேறிவிடுவாய், எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

இதை மட்டும் கேட்டுக்கொள். நான் புதிதாகச் சேர்ந்தவன். தேர்வு வைத்து மதிப்பெண் போடுவதும் நான்தான். அக்காவுக்குத் தம்பியே போட்டான் என்று நாளைக்குப் பேச்சு வரக் கூடாது. மேடத்துக்கும் இன்னும் சொல்லவில்லை. துறையில் எல்லோருக்கும் தெரியும்தான், ஆனால் வகுப்புக்குள்ளே நாம் அக்கா தம்பி என்று காட்டிக்கொள்ள வேண்டாம். உனக்காகவும்தான் சொல்கிறேன்.

உன் தம்பி

நவம்பர் 20

தம்பிக்கு,

உரிமம் வந்துவிட்டது. படகு தண்ணீரில் இறங்கிவிட்டது. நன்றி சொல்ல வேண்டும் என்றார் மாமா. சொல்லிவிட்டேன்.

இனி நான் சொல்ல வேண்டியது.

பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தேன். நீ தேய்த்த சட்டையும் கழுத்தில் அட்டையுமாக உள்ளே வந்தாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எல்லாக் கோபத்தையும் அங்கேயே விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. பிறகு நீ வரிசையாக எல்லோருக்கும் வணக்கம் சொல்லி வந்து என் முன்னால் நின்றாய். "வணக்கம் சகோதரி, நீங்க எத்தனை வருஷமா படகு ஓட்டுறீங்க?" என்றாய்.

உன்னை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டின காலத்திலிருந்து என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பிறகு திரையில் அந்தப் படத்தைப் போட்டாய். அதைத் தாண்டிப் போயிருக்கலாம் நீ. வேறு படமே இல்லையா உங்கள் நிலையத்தில்? துறைக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை, தெரியுமா. எதிர்த்துறை ஒலிபெருக்கிக்காரன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். எல்லோரும் எனக்காக வெட்கப்பட்டார்கள். நீ ஒருவன்தான் குச்சியால் என் கையைத் தொட்டுக் காட்டி, "இங்க பாருங்க, என்ன தப்பு நடக்குது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

நடிப்பு வகுப்பில் நீ பயணி, நான் படகோட்டி. "தட்டு, கூப்பிடு அதை" என்று என் முகத்துக்கு நேரே கத்தினாய். நீ நன்றாக நடிக்கிறாய். நான் கைகட்டிக்கொண்டு சொன்னேன்: "மன்னிக்கணும், இது அவங்க வீடு. நாம கூப்பிட்டு அவங்க வரக் கூடாது. காத்திருந்து பார்க்கலாம்." முதல் முறையிலேயே சரியாகச் சொன்னேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரவு வீட்டுக்கு வருவாய் என்று உன் பாயைத் தட்டிப் போட்டுவைத்திருந்தேன். நீ அலுவலரோடு விருந்தினர் விடுதியில் தங்கிக்கொண்டாய். விதி என்றால் விதிதான் இல்லையா.

தட்டுவதை நிறுத்திவிட்டேன். மீனும் போடுவதில்லை. மற்றவை எல்லாம் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டன. நொண்டி மட்டும் துறையில் வந்து படுத்து, போகிற வருகிற படகையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு துடுப்புப் போடுகிறேன். நீ சொல்லிக்கொடுத்தது அதுதானே.

அக்கா

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். எதை எழுதினாலும் சமாதானம் சொல்வதைப்போல் இருக்கிறது. நேரில் பேசுவோம்.

நேரில் வரத்தான் போகிறேன். எங்கள் நிலையத்துக்கு ஆதரவு தருகிற பெரிய மனிதர்கள் சிலர் வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். பயிற்சி பெற்ற ஒரு படகோட்டியின் சவாரியை அவர்களுக்குக் காட்ட வேண்டும். நான் உன் படகைச் சொல்லியிருக்கிறேன். மேடமும் வருகிறார். இது நன்றாக நடந்தால் என் வேலை நிரந்தரம் ஆகும் என்று மேடம் சாடையாகச் சொன்னார்.

இப்போது கேட்கப்போவதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

அவர்கள் நீர்நாய் பார்க்கத்தான் வருகிறார்கள். ஒரே ஒரு நாள், அதுவும் காலையில் மட்டும். காத்திருந்து எதுவும் வரவில்லை என்றால் அவ்வளவு தூரம் வந்தவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பது? நொண்டி துறையிலேயேதான் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். முந்தைய நாளும் அன்று காலையிலும், அவர்கள் ஏறுவதற்கு முன்னால், யாருக்கும் தெரியாமல் நீ தட்டிக் கொஞ்சம் மீன் போட்டுவை. அவர்கள் வரும்போது தானாக வந்ததைப்போல் இருக்கும். நொண்டி இருந்தால்தான் இந்த ஏற்பாடே. இல்லையென்றால் வேறு ஏரிக்கு அழைத்துப் போக வேண்டியதுதான்.

ஒரே ஒரு தடவை, அக்கா.

உன் தம்பி

ஜனவரி 19

தம்பிக்கு,

தட்ட மாட்டேன். மீனும் போட மாட்டேன். போட்டோவுக்காக ஒரே ஒரு தடவை வீசியதை இன்னும் கையேட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் வா. அழைத்துக்கொண்டு வா. படகைக் கழுவி, ரோஜாப்பூத் தகரத்தைத் துடைத்துவைக்கிறேன். மேடம் ஏறும்போது தடுக்காமல் இருக்கப் புதுப் பலகை போடச் சொல்லியிருக்கிறேன் மாமாவிடம்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். உன் மேடத்துக்கு முன்னால், அந்தப் பெரிய மனிதர்களுக்கு முன்னால், என்னை அக்கா என்று ஒரு முறை கூப்பிடு. மன்னிப்பெல்லாம் கேட்காதே, உனக்கும் வராது, எனக்கும் கேட்கத் தெரியாது. அந்த ஒரு வார்த்தை போதும். அதோடு எல்லாவற்றையும் ஏரியில் போட்டுவிடுவேன்.

அக்கா

பிப்ரவரி 6

மதிப்பிற்குரிய பயிற்சியாளர் அவர்களுக்கு,

உங்கள் வேலை நிரந்தரம் ஆனதாக ஏரி அலுவலர் வந்து சொன்னார். மாமா கடையில் எல்லோருக்கும் டீ கொடுத்தார். அந்த மனிதருக்குச் சூடு சொரணை கிடையாது, என்ன செய்வது.

நான் ஒன்றும் மறக்கவில்லை. நீங்களும் மறக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

படகில் ஏறும்போது நீங்கள் என்னைப் பார்த்துத் தலையசைத்தீர்கள். சரி, நடு ஏரியில் சொல்வான் என்று நினைத்தேன். நாணல் ஓரத்தில் படகை நிறுத்தினேன். பறவைகளைப் பற்றி, தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உங்கள் மேடம் நல்லவர், ஒவ்வொன்றையும் கேட்டார். பிறகு படகின் மூக்கைப் பார்த்தார், ரோஜாப்பூவைப் பார்த்தார். "இது அந்தப் படம் எடுத்த படகா? உங்களுக்கு நம்ம பயிற்சியாளரை முன்னாடியே தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் உன்னைப் பார்த்தேன்டா. நீ தண்ணீரைப் பார்த்தாய். நான் பொறுத்துப் பார்த்தேன், உனக்கு நேரம் கொடுத்தேன். உன் கழுத்து சிவந்தது, வாய் அசையவில்லை. கடைசியில் உனக்கும் சேர்த்து நானே சொன்னேன்: "பயிற்சியில பார்த்ததுதாங்க."

அதுகூடப் போகட்டும். நீர்நாய் ஒன்றும் வரவில்லை. வந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போது நீ மெல்லக் குனிந்தாய். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துப் படகின் விளிம்பில் விரல் முட்டியால் தட்டினாய். இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு.

நான் சத்தமாகவே சொன்னேன். "மன்னிக்கணும், இது அவங்க வீடு. நாம கூப்பிட்டு அவங்க வரக் கூடாது. காத்திருந்து பார்க்கலாம்."

எல்லோரும் திரும்பினார்கள். உன் முகம் செத்துவிட்டது. அந்த நேரத்தில் எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மாட்டிக்கொண்டான், இனி உண்மையைச் சொல்லியாக வேண்டும், சொல்கிறபோது அக்கா என்ற வார்த்தையும் வந்துவிடும் என்று நினைத்தேன். நீ என்னைவிடப் பெரிய ஆள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாய். "சும்மா சோதிச்சுப் பார்த்தேன் மேடம். பயிற்சி மனசுல நிக்குதான்னு" என்றாய்.

கை தட்டினார்கள். எனக்கும் தட்டினார்கள், உனக்கும் தட்டினார்கள். உன் வேலை அங்கேதான் நிரந்தரமானது, என் படகில்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நீ தட்டினபோது நொண்டி ஏன் வரவில்லை என்று யோசித்திருப்பாய். உன் தட்டு அதற்குத் தெரியும், இருந்திருந்தால் வந்திருக்கும். டிசம்பரிலேயே அது போய்விட்டது. பசியில் எந்தப் படகு வந்தாலும் கிட்டே போய் நிற்க ஆரம்பித்தது. எதிர்த்துறை இயந்திரப் படகுக்கும் போனது. அந்தப் படகின் அடியில் சுழல்கிற விசிறி வெட்டிவிட்டது. ஒலிபெருக்கிக்காரனே துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அழுதான். நானும் மாமாவும் கரையில் புதைத்தோம்.

நீ அன்றே எழுதியிருந்தாய், எந்தப் படகுக்கும் வரும் என்று. நீ சொன்னது சரிதான். அதை ஊட்டிக் கெடுத்ததில் என் கையும் உண்டு, அதை நான் யார்மேலும் போட மாட்டேன். நீ சொன்னது சரியாக இருந்ததுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

ஜனவரியில் நீ கேட்டபோதே இதை எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நொண்டி இருந்தால்தான் இந்த ஏற்பாடே என்று நீ எழுதியிருந்தாய். அது இல்லை என்று தெரிந்தால் நீ வேறு ஏரிக்குப் போய்விடுவாய், இங்கே வர உனக்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் படகோட்டி ஒருவர்